சின்ன ஊரில் நிலத் தரகு: பிழைப்பு எப்படி ஓடும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். ஊருக்கே திரும்பி ரியல் எஸ்டேட் புரோக்கர் வேலை பார்க்கலாமா, முதல் போட வேண்டியதில்லை, ஒரு இடம் முடித்தால் பல மாதச் சம்பளம் என்கிறார்களே, அது உண்மையா, அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பது கேள்வி. நானும் அந்தப் பக்கம்தான். பல வருடமாக இதுவே எனக்குத் தொழில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பணம், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். எங்கள் பக்கம் மனை, வயல், தோப்பு எதுவானாலும் வாங்குபவர் ஒரு சதவீதம், விற்பவர் ஒரு சதவீதம் கொடுப்பது வழக்கம். கட்டிய வீடு என்றால் கொஞ்சம் கூட்டிப் பேசுவார்கள். வாடகை வீடு பிடித்துக் கொடுத்தால் ஒரு மாத வாடகை. 30 லட்ச ரூபாய் மனை ஒன்று முடிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 60,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 60,000 ஒரே ஆள் கைக்கு வருவது அபூர்வம். விற்பவரைத் தெரிந்தவர் ஒருவர், வாங்குபவரைக் கூட்டி வந்தவர் ஒருவர், நடுவில் போன் நம்பர் கொடுத்தவர் ஒருவர் என்று மூன்று நான்கு பேர் பங்கு கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கும். அப்புறம் பெட்ரோல், போன், டீ, பார்ட்டியைக் கூட்டிப்போகும் கார் வாடகை எல்லாம் உங்கள் பையிலிருந்து. இடம் முடியாமல் போனால் அந்தச் செலவை யாரிடமும் கேட்க முடியாது.

இன்னொன்று, இது மாதச் சம்பளக் கணக்கில் வராது. ஆடியில் கிரயம் பேச மாட்டார்கள், மார்கழியிலும் மாட்டார்கள். தை பிறந்ததும் போன் அடிக்க ஆரம்பிக்கும். மே மாதத்தில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவிலிருந்து லீவில் வருபவர்கள், ஆவணியில் கல்யாணத்துக்காக விற்பவர்கள் என்று வேலை குவியும். அந்த மாதங்களில் வந்ததை வைத்துக்கொண்டு மற்ற மாதங்களை ஓட்டத் தெரிய வேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்து விட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் இடம் முடிக்கத் தெரியாமல் போனவர்கள் இல்லை. முதல் கமிஷனில் வண்டி வாங்கிவிட்டு, அடுத்த கமிஷன் வரும்வரை தவணை கட்ட முடியாமல் போனவர்கள்.

சரி, நாள் எப்படிப் போகும்? காலை டீக்கடையில் ஆரம்பிக்கிறது. இதை வெட்டிப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். யார் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது, யாருக்குக் கூட்டுறவு வங்கியில் கடன் மீறிக் கிடக்கிறது, யார் மகன் கனடாவில் வீடு வாங்கிவிட்டான், இனிமேல் ஊர்ப் பக்கம் வர மாட்டான் என்ற செய்தி எல்லாம் அங்கேதான் வரும். நிலம் விற்பனைக்கு வருவதற்குச் சில மாதம் முன்பே அந்தச் செய்தி வந்துவிடும். இப்போது வாட்ஸ்அப் குரூப்புகள் இருக்கின்றன, தினமும் நூறு இடம் போட்டோவோடு வருகிறது. ஆனால் குரூப்பில் வரும் இடம் ஏற்கெனவே பலர் கை பட்டு, விலை ஏறி வந்த இடம். பார்ட்டி உங்களிடம் நேராக வந்து, "யாருக்கும் தெரிய வேண்டாம், நீ மட்டும் பார்" என்று சொல்லும் இடத்தில்தான் தரகருக்கு மரியாதையும் வருமானமும்.

பத்து மணிக்கு மேல் அலுவலக வேலை. சார்பதிவாளர் அலுவலகம், தாலுகா ஆபீஸ், வி.ஏ.ஓ., பத்திர எழுத்தர் கடை. மாலை நாலு மணிக்கு மேல் இடம் காட்டுவது. ஞாயிற்றுக்கிழமை நமக்கு வேலை நாள், ஏனென்றால் வாங்குபவருக்கு லீவு அன்றைக்குத்தான். குடும்பத்தோடு வருவார்கள். இடம் பார்க்கும்போது வீட்டுப் பெண்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். தண்ணீர் உப்பா, மழைக்குத் தண்ணீர் நிற்குமா, ராத்திரி பஸ் இறங்கி நடந்து வரும் வழியில் விளக்கு இருக்கிறதா, பக்கத்து வீட்டில் யார் என்று கேட்பார்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் கேள்விகள் அவைதான். பதில் தெரியாவிட்டால் அங்கேயே பக்கத்து வீட்டைத் தட்டிக் கேட்டுவிடுங்கள். நீங்களாக எதையும் சொல்லிவைக்காதீர்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் வயலை மா, குழி என்றுதான் பேசுவார்கள். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது 33 சென்ட், மூன்று மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஆனால் பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கும். ஒரு ஏர் 2.47 சென்ட். பட்டாவில் 0-12.50 என்று, அதாவது 12.50 ஏர்ஸ் என்று இருந்தால் 31 சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. விற்பவர் "ஒரு மா இருக்குப்பா" என்பார். அந்த இரண்டு சென்ட் வித்தியாசத்தில் அக்ரிமென்ட் முறிந்த கதைகள் நிறைய. விலையை மொத்தமாகப் பேசாமல், "அளந்து வரும் அளவுக்கு, சென்ட் இன்ன விலை" என்று பேசுங்கள். வெளியூர்க்காரர் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். குழி என்பது ஊருக்கு ஊர் மாறும், அவர் மனதில் வேறு கணக்கு இருக்கும்.

இனி இந்தத் தொழிலின் நடு மையத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தரகர் என்றால் இடம் காட்டுபவர் என்று நினைக்கிறார்கள். இடத்தை யாரும் காட்டிவிடலாம். அந்த இடத்துக்கு எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்று கண்டுபிடித்து, அத்தனை பேரையும் மனப்பூர்வமாக ஒரே நாளில் ஒரே மேஜை முன் கொண்டுவந்து உட்கார வைப்பதுதான் வேலை. என் உழைப்பில் முக்கால்வாசி அதற்குத்தான் போகிறது.

ஒரு உதாரணம் பாருங்கள். பட்டா அப்பா பெயரில். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இரண்டு அண்ணன் தம்பிகள் விற்க வந்திருக்கிறார்கள். "அக்காவுக்கு எல்லாம் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு, அது கேக்காது" என்பார்கள். இது அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தாக இருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தாக இருந்தால், தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் அன்றைய தேதியில் கல்யாணம் ஆகாத பெண்களுக்கும், 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய சட்டத் திருத்தத்தால் கல்யாணம் ஆன பெண்களுக்கும் பிறப்பிலேயே பங்கு. 2005 அன்று அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற சண்டைக்கும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடிவு கட்டிவிட்டது, அவர் முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று. அம்மாவுக்கும் பங்கு. அநேகம் பேர் மறந்துபோகும் இன்னொருவரும் இருக்கிறார், இறந்தவரைப் பெற்ற தாய். அந்தப் பாட்டி உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது பிள்ளைகளோடு சமமாகப் பங்கு பெறுபவர். அவர் அப்புறம் காலமானால் அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும், அதாவது அத்தைமார்களும் சித்தப்பாக்களும் உள்ளே வந்துவிடுவார்கள். இரண்டு கையெழுத்து என்று ஆரம்பித்தது பதினோரு கையெழுத்து ஆகிவிடும்.

இங்கே தரகர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் நல்ல தரகரும் கெட்ட தரகரும் பிரிகிறார்கள். அக்காவை ஆபீசுக்கு வரவழைத்து, என்ன ஏது என்று சொல்லாமல் "ஒரு சாட்சிக் கையெழுத்து" என்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு நிற்க மாட்டேன். அண்ணன் தம்பிகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: அக்காவிடம் விலையைச் சொல்லுங்கள், என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்று உட்கார்ந்து பேசுங்கள், அதை வங்கியில் போடுங்கள், பிறகு கையெழுத்துக் கேளுங்கள். தானாகவே வேண்டாம் என்கிறவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும், குடும்பத்துக்குள் என்பதால் கட்டணமும் குறைவு. ஒரு வீட்டில் இப்படிச் சொன்னதற்குப் பேச்சுவார்த்தையே பல மாதம் நின்றுபோனது. அந்த அம்மா கேட்டது பெரிய தொகைகூட இல்லை. அப்பா சாவுக்குப் பிறகு யாரும் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் அவருடைய மனக்குறை. மூத்தவர் நேரில் போய்த் தட்டு வைத்துக் கூப்பிட்டதும் மறு வாரமே வந்து கையெழுத்துப் போட்டார். இதற்குச் சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தக் குடும்பத்தின் கதை தெரிய வேண்டும். சின்ன ஊரில் தரகர் பிழைப்பதே அந்தக் கதை தெரிந்திருப்பதால்தான். சென்னையிலிருந்து எவ்வளவு பெரிய கம்பெனி வந்தாலும் இந்த வேலையைச் செய்ய முடியாது.

எங்கள் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக்கே உரிய சிக்கல்கள் இரண்டு உண்டு. ஒன்று குத்தகை. பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தமாக இருக்கும், ஆனால் வயலில் இறங்கி நடுபவர் வேறொருவராக இருப்பார். 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1969-இல் குத்தகைப் பதிவுச் சட்டமும் வந்தது. பதிவான குத்தகைதாரரை நிலம் கைமாறியது என்ற காரணத்துக்காக இறக்க முடியாது. வாங்கியவர் வருவாய் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியதுதான். அதனால் காகிதம் பார்க்குமுன் வயலுக்குப் போய், உழுதுகொண்டிருப்பவரிடமே, "அண்ணே, இது யாரு சாகுபடி?" என்று கேளுங்கள். குத்தகைக்காரருக்கு ஒரு பகுதி நிலமோ பணமோ கொடுத்து, எழுதி வாங்கி முடிப்பது எங்கள் ஊரில் நெடுநாள் வழக்கம். பரம்பரையாக உழுதவர் வெறும் கையோடு போகக் கூடாது என்பதை இரண்டு தரப்புக்கும் சொல்வதும் தரகர் வேலைதான்.

இரண்டாவது, கோயில் நிலம். டெல்டாவில் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமான நிலம் ஏராளம். ஊருக்குள் தெருத் தெருவாக அடிமனை கோயிலுடையது, மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது என்று இருக்கும். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் குடியிருப்பவர் பெயரில்தான். அதைக் காட்டி விலை பேசுவார்கள். அந்த இடத்தை நீங்கள் மனையாக விற்றுக் கொடுத்தால் வாங்கியவர் காலம் முழுக்க உங்களைச் சபிப்பார். பஞ்சமி நிலமும் அப்படியே. 1892-இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிபந்தனையோடு ஒதுக்கிய நிலம் அது, அந்தச் சமூகத்தவருக்கு வெளியே விற்றால் செல்லாது. நடுவில் எத்தனை பத்திரம் பதிவாகியிருந்தாலும் மூலம் அதுதான். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ஏ-பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அதில் தரகு பார்ப்பது பாவம் என்றே நான் நினைக்கிறேன்.

காகிதம் பார்க்கும் ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மற்றதைப் பத்திர எழுத்தரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை ஆன்லைனில் பார்க்கலாம், பழைய காலத்துக்கு அலுவலகத்தில் மனுப் போட்டு எடுக்க வேண்டும். பட்டா, ஏ-பதிவேடு, புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 1980-களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, நாங்கள் யு.டி.ஆர். என்போம், பெயரும் அளவும் மாறிப் பதிவான இடங்கள் இன்றைக்கும் திருத்தப்படாமல் இருக்கின்றன. பத்திரம் ஒருவரிடம், பட்டா இன்னொருவர் பெயரில் என்று வந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான். மூலப் பத்திரம் கையில் இருக்கிறதா, அல்லது எங்காவது அடகில் இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். நகல் காட்டினால் நம்பாதீர்கள். பதிவாகாத கடனுக்காக மூலப் பத்திரத்தை வட்டிக்காரரிடம் வைத்திருப்பது இங்கே சர்வ சாதாரணம், அது வில்லங்கச் சான்றில் தெரியாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயம் தனி. எங்கள் ஊர்ப் பணமே அங்கிருந்துதான் வருகிறது. விற்பவர் சிங்கப்பூரில் இருந்தால் தூதரகத்தில் பவர், அதாவது தன் சார்பில் விற்க ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம், எழுதி அனுப்புவார். அது இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திச் சேர்க்க வேண்டும். பவரை வைத்து விற்கும்போது பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். விற்பவர் வெளிநாடுவாழ் என்றால் வாங்குபவர் வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டிய தொகையும் அதிகம், 50 லட்சத்துக்கு மேல் ஒரு சதவீதம் என்ற சாதாரணக் கணக்கு அங்கே பொருந்தாது. அதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத்தான் விலையே பேச வேண்டும். வாங்கும் பக்கம் இன்னொரு விஷயம்: வெளிநாடுவாழ் இந்தியர் வீடு, மனை வாங்கலாம். வயலும் தோப்பும் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை, வாரிசாக மட்டுமே அடையலாம். துபாயில் இருப்பவர் ஆசையாகத் தென்னந்தோப்பு கேட்டு வரும்போது, கமிஷன் போனாலும் இதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். இன்று அவர் வாங்காமல் போகலாம். ஆனால் நாளைக்கு வீடு வாங்கும்போது உங்களைத்தான் கூப்பிடுவார்.

தோப்பு என்றதும் 2018 நவம்பர் 16 ஞாபகம் வருகிறது. கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு சுற்றி வேரோடு சாய்ந்த தென்னைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். அதற்கு முன் தோப்புக்கு மரக்கணக்கில் விலை பேசுவோம், இத்தனை காய்ப்பு மரம், மரத்துக்கு இவ்வளவு என்று. புயலுக்குப் பிறகு அந்தப் பேச்சு அடங்கிப்போனது. மண், போர் தண்ணீர், ரோடு, மின் இணைப்பு என்றுதான் கேட்டார்கள். அந்தச் சமயத்தில் நொந்துபோனவர்களிடம் அடிமாட்டு விலைக்குத் தோப்பு வாங்கிக் கொடுக்கச் சொல்லி வெளியூர்ப் பணம் வந்தது. எங்களில் சிலர் அதைச் செய்தார்கள். செய்யாதவர்களை மக்கள் இன்னும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள்.

மனை வியாபாரத்துக்கு அப்படி ஒரு திருப்பம் 2016 செப்டம்பர் 9. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அதுவரை வயலில் நாலு கல்லை நட்டு, கொடி கட்டி, பொங்கல் சாப்பாடு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டே மாதத்தில் பணமதிப்பு நீக்கமும் வந்தது. அந்த வருடம் எத்தனையோ தரகர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். பிறகு 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்குள் மனையாகப் பதிவான இடங்களை அரசுக்குக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம், முன்பே மனையாகப் பதிவானதை மறுபடி பதியலாம் என்று தளர்வும் கிடைத்தது. இன்றைக்கும் மலிவாக ஒரு மனை வந்தால் முதல் கேள்வி, டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் உண்டா, இல்லையென்றால் அந்தத் தேதிக்கு முன் பதிவானதா என்பதுதான். அங்கீகாரம் இல்லாத மனைக்கு வீடு கட்ட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. விலை குறைவு என்பதற்காக வாங்குபவர், கடைசியில் அந்தப் பணத்தைச் சேமிப்பில் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைக்கும்படி ஆகும்.

ரெரா பற்றிக் கேட்பீர்கள். அது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதன்படி ஓர் ஆணையமும் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்ககமோ அந்த ஆணையத்தில் பதிவாக வேண்டும். அப்படிப் பதிவான திட்டத்தில் மனை விற்றுத் தருவதாக இருந்தால் முகவரான நீங்களும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒருவர் தன் பழைய வீட்டையோ வயலையோ இன்னொருவருக்கு விற்பதில் இந்தப் பதிவு கட்டாயம் இல்லை. சின்ன ஊர்த் தரகர்களில் அநேகம் பேர் அந்த வேலையை மட்டுமே செய்வதால் பதிவு செய்வதில்லை. நீங்கள் இளையவர், பல வருடம் இதில் இருக்கப் போகிறவர். லேஅவுட் வேலையைத் தொடுவதாக இருந்தால் பதிவு செய்துவிட்டே தொடுங்கள்.

விலை பேசும் கட்டம். இருவரையும் எடுத்ததும் எதிரெதிரே உட்கார வைக்கக் கூடாது. தனித்தனியாகப் பேசி, இடைவெளி சிறுத்த பிறகுதான் ஒரே இடத்தில் கூட்ட வேண்டும். விற்பவர் கேட்கும் விலைக்குப் பின்னால் ஒரு தேவை இருக்கும். கல்யாணம் வைகாசியில் என்றால் அவருக்கு விலையை விடத் தேதி முக்கியம், அட்வான்ஸைக் கூட்டிக் கொடுத்தால் விலையில் இறங்கி வருவார். இதை உடைத்துப் பேசத் தெரிந்தவருக்கு இடம் முடியும். விற்பவர் சொன்ன விலைக்கு மேல் வைத்துப் பேசி, நடுவில் உள்ளதைத் தானே எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஒன்று இருக்கிறது. செய்யாதீர்கள். பத்திர ஆபீஸ் வாசலில் விற்பவரும் வாங்குபவரும் இரண்டு நிமிடம் தனியாகப் பேசினால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். சின்ன ஊரில் அதற்குப் பிறகு தலை நிமிர்ந்து நடக்க முடியாது. என் கமிஷன் இவ்வளவு என்று முதல் சந்திப்பிலேயே இருவர் முன்னாலும் சொல்லிவிடுவதுதான் எனக்குப் பிடித்த முறை.

விலை கூடிய அன்று டோக்கன் அட்வான்ஸ், சில நாளில் அக்ரிமென்ட். மூன்று மாதக் கெடு வழக்கம். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவார்கள், ஆனால் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும், விற்பவர் இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்க முடியாது. அட்வான்ஸ் பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 ஜூனிலிருந்து வருமான வரிச் சட்டப்படி தவறு. பணம் உங்கள் கை வழியாகப் போக வேண்டாம், ஒருநாளும் வேண்டாம். கணக்கிலிருந்து கணக்குக்குப் போகட்டும்.

செலவுக் கணக்கை வாங்குபவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2017-இல் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பை, 33 சதவீதம் குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4 ஆக்கியிருந்தார்கள், 2023 ஏப்ரலில் மதிப்பை மறுபடி ஏற்றி, கட்டணத்தை 2 ஆக இறக்கினார்கள். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை. இதைச் சொன்னதால் மனைவி பெயரில் பத்திரம் பதிந்த வீடுகள் எங்கள் ஊரில் உண்டு, எனக்கு அதில் தனி சந்தோஷம். விற்பவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ள நகராட்சிக்கு 2 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விவசாய நிலம் மூலதனச் சொத்தாகக் கருதப்படுவதில்லை, அந்த லாபத்துக்கு வரி இல்லை. பட்டுக்கோட்டை, மன்னார்குடி போன்ற ஊர்களைச் சுற்றி இந்த 2 கிலோமீட்டர் பெரிய விஷயம்.

பதிவு நாள். பஞ்சாங்கத்தோடு ஆரம்பிக்கும். வாங்குபவர் குளிகையில் பதியலாம் என்பார், செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்ற நம்பிக்கை. விற்பவருக்கு அதே காரணத்தால் குளிகை ஆகாது. இருவருக்கும் பொதுவான நேரத்தில் டோக்கன் எடுத்தாக வேண்டும். முகூர்த்த நாளில் ஆபீஸ் வாசல் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். ஆதார், போட்டோ, கைரேகை, இரண்டு சாட்சி. வயதானவர்களுக்குக் கைரேகை விழாமல் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்வார்கள், அவர்களுக்கு உட்கார நாற்காலியும் தண்ணீரும் ஏற்பாடு செய்வது உங்கள் வேலை. நிலத்தை விற்றுவிட்டு வெளியே வரும் பெரியவர் சில சமயம் பேச மாட்டார். அப்போது கமிஷன் கேட்காதீர்கள், மறுநாள் வீட்டுக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். வாங்குபவரிடம் மட்டும் அன்றே வாங்கிவிடுங்கள், பத்திரம் கைக்குப் போன பிறகு நடை அதிகமாகும்.

பத்திரம் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். முழுப் புலத்தையும் விற்றிருந்தால் பட்டா சீக்கிரம் மாறிவிடும். ஒரு பகுதியை விற்றிருந்தால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு வாங்குபவரோடு கூட நின்று பட்டாவை அவர் பெயரில் வாங்கிக் கொடுத்தால், அடுத்த பார்ட்டியை அவரே கூட்டி வருவார். எனக்கு வரும் வேலையில் பெரும்பங்கு அப்படி வந்ததுதான்.

தம்பி, வருவதா வேண்டாமா என்றால், உடனே வேலையை விட வேண்டாம். ஒரு வருடம் வீட்டுச் செலவுக்குப் பணம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மாதம் ஓரிரு முறை ஊருக்கு வரும்போது ஒரு நல்ல பத்திர எழுத்தர் கடையில் போய் உட்காருங்கள். முதலில் உங்கள் வீட்டுச் சொத்தின் பட்டாவையும் வில்லங்கத்தையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தாத்தா பெயரில்தான் இருக்கும். வாரிசுச் சான்று வாங்கி, அத்தைமார்களைப் பார்த்துப் பேசி, அந்தப் பட்டாவை உரியவர்கள் பெயருக்கு மாற்றி முடியுங்கள். அதை முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம்.